குறைமாதக் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து: மூன்று வகைக் குப்பிகள், ஒரு வருட அனுபவம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு 5க்கு 4. அதோடு வருகிற டிராப்பருக்கு 5க்கு 1. நான் வாங்கிய கடைகளில் ஒன்றுக்கு மதிப்பெண் கொடுக்கவே மனம் வரவில்லை, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். கம்பெனிப் பெயர் எதையும் போடவில்லை. இந்த மருந்தில் கம்பெனியைவிடக் குப்பியில் போட்டிருக்கிற எண்தான் முக்கியம், ஒரு வருடம் தினமும் கையில் எடுத்துக் கொடுத்த பிறகு எனக்குத் தெளிவாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

குறைமாதத்தில் பிள்ளை பெற்று, இப்போது மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து போனில் எதையெதையோ தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அந்த வராந்தாவில் நான் 36 நாள் உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் 30 வாரத்தில் பிறந்தாள், 1,280 கிராம். ராத்திரி பனிக்குடம் உடைந்து அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசி போடுவார்கள், 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று நான்கு. எனக்கு இரண்டு போடுவதற்குள் பிள்ளை வந்துவிட்டாள். பிறந்ததும் அழுதாள், அதைக் கேட்டதும் நிம்மதியாகிவிட்டது, ஆனால் அழுகை நின்றதும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல் கேட்டது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து போனது. ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள், அவ்வளவுதான் நான் அன்றைக்குப் பார்த்தது.

மறுநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் இருந்தது, அதில் உலை கொதிக்கிற மாதிரி குமிழ் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பெயர் பபுள் சிபாப். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல், உள்ளே எப்போதும் கொஞ்சம் அழுத்தம் இருக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. காற்றுப் பைகள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பதற்கு டாக்டர் சொன்ன காரணம் சர்ஃபாக்டன்ட். நுரையீரலின் உள்பக்கத்தில் படிந்திருக்கிற ஒரு கொழுப்புப் பொருள், அது இருந்தால்தான் ஈரமான இரண்டு சுவர்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் இருக்கும். சுமார் 24 வாரத்தில் குழந்தை அதை உண்டாக்கத் தொடங்குகிறது, தேவையான அளவு சேர்வதற்கு ஏறத்தாழ 35 வாரம் ஆகிவிடும். என் மகளுக்கு அது போதவில்லை. அன்றே மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் அந்த மருந்தைச் செலுத்தினார்கள். மதியம் 50 சதவீதம் ஆக்சிஜன் தேவைப்பட்ட பிள்ளைக்கு ராத்திரி 25 போதும் என்று ஆனது.

இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு சர்ஃபாக்டன்ட் இல்லாததுதான் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி என்ற டாக்டரும் ஜியர் மீட் என்பவரும் கண்டுபிடித்துச் சொன்னது 1959ல். அது தெரிந்த பிறகும் கையில் மருந்து இல்லை. 1963ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள்கூட முடிவதற்குள் இறந்துபோனான். ஒரு நாட்டின் ஜனாதிபதியாலேயே அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜப்பானில் ஃபுஜிவாரா குழு மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கிடைத்ததைச் சொன்னது 1980ல். அந்தப் பையனைவிட ஒரு மாதத்துக்கும் மேலாக முன்னால் பிறந்த என் மகளுக்கு, எங்கள் ஜில்லா அரசு மருத்துவமனையில், காசு வாங்காமல் அதே வகை மருந்து கிடைத்தது. படித்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

சரி, வைட்டமின் டி எங்கே வருகிறது?

ஒன்பதாம் நாள் சித்தி ஒரு செய்தி அனுப்பினார். தாய்க்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதால்தான் குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வருகிறது, உடனே சொட்டு மருந்து கொடுத்தால் நுரையீரல் சரியாகிவிடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். சித்தி நல்ல மனசோடுதான் அனுப்பினார். ஆனால் அன்றைக்கு அதைப் படித்த எனக்கு உள்ளே என்ன ஆனது என்று இன்னொரு குறைமாதத் தாய்க்குத்தான் புரியும். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உருவாகும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காலை எட்டரைக்குப் பள்ளிக்குள் நுழைந்தால் நாலரைக்குத்தான் வெளியே வருவேன், கர்ப்பத்தில் ஒரு நாள்கூட இதைப் பரிசோதித்ததில்லை. என் பிள்ளை முனகிக்கொண்டு மூச்சு விட்டதற்கு நான்தான் காரணமா என்ற கேள்வி அன்று ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை.

பரிசோதனை கட்டாயமில்லை என்று டாக்டர் சொன்னார், நான்தான் பிடிவாதமாகக் கேட்டு வெளியே ஒரு லேபில் இரண்டு பேருக்கும் எடுத்தேன். ஆளுக்கு 1,400 ரூபாய் ஆயிற்று. ஒரு மி.லி.க்கு எனக்கு 11 நானோகிராம், பாப்பாவுக்கு 8. 20க்கு மேல் இருந்தால் போதுமான அளவு, 12க்குக் கீழே போனால் குறைபாடு. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் அழுதேன்.

அவர் அந்தத் தாளை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார். "உன்னாலதான்னு இந்தத் தாள்ல எழுதியிருக்காம்மா? இப்ப நீ இந்த வராந்தாவுல இருக்கிற எல்லா அம்மாக்களுக்கும் ரத்தம் எடுத்துப் பாரு, பாதிப் பேருக்கு மேல இப்படித்தான் வரும்." பிறகு பொறுமையாக விளக்கினார். குழந்தைக்கு வேண்டிய வைட்டமின் டி தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாகப் போகிறது, குழந்தையின் அளவு பெரும்பாலும் தாயின் அளவைவிடக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அதைச் சேமித்துவைப்பது கடைசி மூன்று மாதத்தில். முன்னாடியே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. சர்ஃபாக்டன்ட்டும் அதே கடைசி மாதங்களில்தான் சேர்கிறது, அதுவும் இல்லை. ஒரே காரணத்தால் இரண்டும் குறைந்திருக்கும்போது, ஒன்றுதான் இன்னொன்றைக் குறைத்தது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. எலிக் கருக்களின் நுரையீரலில் செய்த ஆராய்ச்சிகளில், சர்ஃபாக்டன்ட் உண்டாக்கும் செல்களை வைட்டமின் டி தூண்டிவிடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளைக் கவனித்த சில ஆய்வுகளில், டி அளவு ரொம்பக் குறைந்தவர்களுக்கு மூச்சுச் சிக்கல் அதிகம் இருந்தது. ஆனால் கவனித்துச் சொல்வது வேறு, மருந்து கொடுத்துப் பார்த்துச் சொல்வது வேறு. அமெரிக்காவின் அலபாமாவில் 23 முதல் 27 வாரத்துக்குள் பிறந்த 100 குழந்தைகளைப் பிரித்து, சிலருக்கு 800 ஐ.யூ. (வைட்டமின் டியை அளக்கிற அலகு), சிலருக்கு 200, சிலருக்கு ஒன்றுமில்லை என்று கொடுத்துப் பார்த்து 2016ல் வெளியிட்டார்கள். முதல் 28 நாளில் மூச்சுக்கருவி உதவி இல்லாமல் இருந்த நாட்களில் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பிறந்த பிறகு கொடுக்கிற சொட்டு, அந்த முதல் வாரத்து மூச்சைக் காப்பாற்றும் என்று நம்பி வாங்காதீர்கள். அதைச் செய்தது அந்த ஊசி, அந்த மெல்லிய குழாய், தண்ணீருக்குள் குமிழ்விட்ட அந்தப் பாட்டில், ராத்திரி மூன்று மணிக்கு ஆக்சிஜனைக் கால் கால் புள்ளியாகக் குறைத்த சிஸ்டர்கள். அப்புறம் கஃபீன். நாம் குடிக்கிற காப்பியில் இருக்கிற அதே கஃபீனை மருந்தாகக் கொடுக்கிறார்கள், பிள்ளை மூச்சு விட மறந்துபோகாமல் இருக்க.

வீட்டுக்குப் போன பிறகு வருகிற மூச்சுத் தொந்தரவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தரும் செய்தி உண்டு. அமெரிக்காவில் குறைமாதத்தில் பிறந்த 300 கறுப்பினக் குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தினமும் 400 ஐ.யூ. விடாமல் ஆறு மாதம் வரை கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு உணவில் ஓரளவு டி கிடைக்கத் தொடங்கியதும் நிறுத்தினார்கள். ஒரு வயதுக்குள் திரும்பத் திரும்ப இளைப்பு வந்தது முதல் குழுவில் 31.1 சதவீதம், இரண்டாவதில் 41.8 சதவீதம். 2018ல் வெளிவந்தது. ஒரு நாட்டில், ஓர் இனத்துக் குழந்தைகளிடம் பார்த்தது என்பதால் அப்படியே நம் பிள்ளைக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனாலும் சளி பிடித்துப் பிள்ளை கொர் கொர் என்று மூச்சு விடும் ராத்திரிகளில் இந்த எண்கள் எனக்குத் தைரியம் கொடுத்தன.

அப்படியானால் மருந்துக்கு 4 மதிப்பெண் எதற்கு? எலும்புக்கு. கால்சியமும் பாஸ்பரஸும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போகின்றன, அதையும் என் மகள் தவறவிட்டுவிட்டாள். தாய்ப்பாலில் எல்லாம் இருந்தாலும் வைட்டமின் டி மிகக் குறைவு, என்னை மாதிரி அளவு 11 இருக்கிற தாயின் பாலில் இன்னும் குறைவு. எல்லாக் குழந்தைக்குமே தினம் 400 ஐ.யூ. கொடுக்கச் சொல்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு 400லிருந்து 1,000 வரை வெவ்வேறு நாட்டு வழிகாட்டுதல்கள் வெவ்வேறாகச் சொல்கின்றன. டெல்லி எய்ம்ஸில் 28 முதல் 34 வாரத்தில் பிறந்த 96 குழந்தைகளுக்கு 400, 800 இரண்டையும் கொடுத்து ஒப்பிட்டு 2014ல் வெளியிட்டார்கள். கர்ப்பக் கணக்குப்படி 40 வாரம் ஆனபோது 400 குழுவில் 67 சதவீதம் பேருக்கு இன்னும் குறைபாடு, 800 குழுவில் 38 சதவீதம். எங்கள் டாக்டர் 400ல் தொடங்கி, பாப்பா பிறந்து இரண்டு மாதம் ஆனதும் 800 ஆக்கினார். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், என் அளவைப் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

இனி குப்பிகள்.

முதல் வகை, 1 மி.லி.யில் 400 ஐ.யூ. இருப்பது. 15 மி.லி. குப்பி, நான் வாங்கியபோது 100 ரூபாய்க்குள். ஆரஞ்சு வாசனை, இனிப்பு. 400 ஐ.யூ.வுக்கு முழு டிராப்பர் ஒன்று, கணக்குப் போடவே வேண்டாம், புதுசாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் நல்லது. ஆனால் 1,700 கிராம் இருக்கிற பிள்ளைக்கு 1 மி.லி. என்பதே அதிகம். முதல் இரண்டு நாள் நேராக வாயில் விட்டேன், அப்படியே ஓரமாக வழிந்துவிட்டது. பிறகு பீய்ச்சி எடுத்த பாலில் இரண்டு பாலாடைக்கு (பால் புகட்டுகிற சின்னக் கிண்ணம்) வேண்டியதை மட்டும் தனியாக எடுத்து, அதில் கலந்து முதலில் கொடுத்துவிட்டு, மீதிப் பாலைப் பிறகு கொடுக்கச் சொன்னார் சிஸ்டர். முழுப் பாலிலும் கலந்தால் பிள்ளை பாதியில் தூங்கிவிடும், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்றே தெரியாது. குப்பி 15 நாளில் தீர்ந்துவிடும் என்பது இன்னொரு தொந்தரவு.

இரண்டாவது, 1 மி.லி.யில் 800 ஐ.யூ. இதைத்தான் அதிக நாள் பயன்படுத்தினேன், இதுதான் எனக்குப் பிடித்தது. பாதி அளவு திரவம் போதும், வழிவதில்லை. ஆனால் 400லிருந்து இதற்கு மாறும்போது கவனம் வேண்டும். பழைய கைப்பழக்கத்தில் முழு டிராப்பர் எடுத்துவிடுவோம். நானே ஒரு நாள் எடுத்துவிட்டேன், பாலாடைக்குப் போவதற்குள் சுதாரித்தேன்.

மூன்றாவது, ஒரே சொட்டில் 400 ஐ.யூ. இருக்கிற எண்ணெய் மருந்து. ஆன்லைனில் வாங்கினேன், விலை பல மடங்கு, வாசனையும் இல்லை இனிப்பும் இல்லை. நேராகத் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு மார்புக் காம்பில் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்துவிடலாம், அருமையான வசதி. பாலாடையில் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாது. எண்ணெய் பாலோடு சேராமல் பாலாடைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கழுவும்போது கையில் வழுவழு என்று வரும்போதுதான் மருந்து எங்கே போனது என்று தெரியும். குப்பியைச் சாய்த்தால் சில நேரம் சொட்டு வர நேரமாகும், உதறினால் இரண்டு விழும். பாப்பா நேராகக் குடிக்கத் தொடங்கிய பிறகு ஊருக்குப் போகும்போது மட்டும் இதை எடுத்துக்கொண்டு போனேன்.

டிராப்பருக்கு 1 மதிப்பெண் கொடுத்ததற்கு வருகிறேன். கோடுகள் ஒரு வாரம் கழுவினால் அழிந்துவிடுகின்றன. ஒரு குப்பியின் டிராப்பரில் மேல் கோடு 1 மி.லி., ஆனால் கோட்டுக்கு மேலேயும் மருந்து ஏறுகிறது, ராத்திரி மங்கல் வெளிச்சத்தில் அது தெரிவதே இல்லை. இரும்புச்சத்து சொட்டுக்கும் இதற்கும் டிராப்பர் ஒரே மாதிரி, மாறிப்போனால் கண்டுபிடிக்க முடியாது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை, 2010ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதே காரணத்துக்காகத்தான் பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டது, சில குப்பிகளோடு வருகிற டிராப்பரில் 400 ஐ.யூ.வைவிட அதிகம் பிடிக்கிறது, கவனிக்காமல் நிறைத்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று. நான் டிராப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்ச் வாங்கிக்கொண்டேன். சில ரூபாய்தான். கோடு தெளிவாக இருக்கிறது, 0.5 என்றால் 0.5. பாப்பா வாயில் படாமல் பாலாடையில் விட்டுவிட்டு, வெந்நீரில் கழுவிக் காயவைப்பேன்.

இப்போது அந்தக் கடை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மருந்துக் கடை, பெயர் வேண்டாம். டாக்டர் சீட்டில் டி3 (இந்தச் சொட்டில் இருக்கிற வைட்டமின் டி வகை) சொட்டு என்றும், அளவும், குழந்தையின் எடையும் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் வாங்கி வந்த கவரில் 5 மி.லி. குப்பிகள் நான்கு இருந்தன. சின்னக் குப்பி, அழகான அட்டை, டி3 என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிள்ளைக்குச் சின்னக் குப்பிதானே என்று அவருக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. கீழே பொடி எழுத்தில் 60,000 ஐ.யூ. என்று இருந்தது. பெரியவர்கள் வாரம் ஒன்று குடிக்கிற மருந்து அது, என் 11க்கு டாக்டர் எனக்கே எழுதிக் கொடுத்திருந்த அளவு, அதனால்தான் அந்த எண் உடனே என் கண்ணில் பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குப்பியில் 60,000, என் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 400. அதாவது 150 நாள் மருந்து. தினம் 1 மி.லி. என்று ஊற்றியிருந்தால் ஒரு நாளைக்கு 12,000 ஐ.யூ., முப்பது மடங்கு.

அவர் திரும்பப் போய்க் கேட்டபோது, "எல்லாம் டி3தான் சார், கொஞ்சமா ஊத்துங்க" என்று சொன்னார்களாம். நான் பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டு நேரில் போனேன். கத்தவில்லை. சீட்டையும் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்தார். முகம் மாறியது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. இப்போது வாங்குகிற கடையில் இருக்கிற அக்கா குப்பியைக் கொடுக்கும் முன் தானே எண்ணைப் படித்துக் காட்டி, "பாப்பாவுக்கு எவ்வளவு எழுதியிருக்காங்க?" என்று கேட்கிறார். எல்லா மருந்துக் கடையும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

வைட்டமின்தானே, கூடினால் என்ன என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கூடினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். பிள்ளை பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், மலம் இறுகும், அடிக்கடி சிறுநீர் போய் உடம்பு வற்றிவிடும், சிறுநீரகத்தில் கால்சியம் படியும். கொழுப்பில் தங்குகிற வைட்டமின் என்பதால் நிறுத்திய பிறகும் சீக்கிரம் வெளியே போகாது.

இன்னொரு இடத்தில் நானே தடுமாறினேன். பாப்பாவுக்கு டி சொட்டு தவிர கால்சியம் சிரப்பும் பல வைட்டமின் கலந்த சொட்டும் எழுதியிருந்தார்கள். அட்டையைப் படித்துப் பார்த்தால் அந்த இரண்டிலுமே டி3 இருந்தது. பாலில் கலக்கிற சத்துப் பொடியிலும் இருந்தது. நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டி டாக்டரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுப் பல வைட்டமின் சொட்டை நிறுத்தச் சொன்னார். வீட்டில் இருக்கிற எல்லாக் குப்பியையும் பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள், சீட்டை மட்டும் காட்டினால் இது தெரியாது.

வெயிலைப் பற்றியும் ஒன்று. அத்தைக்கு முதலில் இந்தச் சொட்டில் நம்பிக்கை இல்லை. காலை இளவெயிலில் பத்து நிமிடம் காட்டினால் போதும், என் பிள்ளைகளை எல்லாம் அப்படித்தானே வளர்த்தேன் என்றார். அவர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை, அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போய் அவரையே கேட்கச் சொன்னேன். இளவெயிலில் சூடு இருக்கும், ஆனால் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் ரொம்பக் குறைவு, அது நன்றாக விழுவது வெயில் ஏறிய பிறகுதான், அந்த வெயிலில் இரண்டு கிலோகூட இல்லாத பிள்ளையை எப்படிம்மா காட்டுவீங்க என்று டாக்டர் கேட்டார். அத்தை யோசித்தார். ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை பிழைக்காது என்று மருத்துவமனையில் யாரோ சொன்னபோதுகூட, வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தால் ஒரு வாரத்துக்கு நல்லதுதானே என்று எதிர்த்துக் கேட்டவர் அவர்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொட்டுக் கொடுக்கிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

அவர் கண்டுபிடித்த வழி எந்த மொபைல் அலாரத்தையும்விட நன்றாக வேலை செய்தது. சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. பாப்பாவுக்குச் சொட்டுக் கொடுத்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பார். தாளில் பழைய தேதி இருந்தால் இன்னும் கொடுக்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் மறந்துபோய் இரண்டு தடவை கொடுத்துவிடுவார்களோ என்ற என் பெரிய பயம் அதோடு போயிற்று. என் 60,000 ஐ.யூ. குப்பிகளைப் பிள்ளை மருந்து இருக்கிற அலமாரியிலிருந்து எடுத்து, வேறு அறையில் பூட்டி வைத்ததும் அவர்தான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பாப்பாவுக்கு ஆறு மாதத்தில் மறுபடி எடுத்த பரிசோதனையில் 31 வந்தது, எலும்புக்கான மற்ற அளவுகளும் சரியாக இருந்தன. எனக்கு 28. ஏழாவது மாதத்தில் சளி பிடித்து மூச்சு இளைத்து இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள், ஆவி மருந்து வைத்தார்கள், ஆக்சிஜன் தேவைப்படவில்லை. சொட்டு கொடுத்ததால் லேசாகப் போனதா, கொடுக்காவிட்டாலும் அப்படித்தான் இருந்திருக்குமா என்று ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

முதல் பிறந்தநாள் முடிந்த வாரம் பரிசோதனைக்குப் போனபோது 8 கிலோ 100 இருந்தாள். டி சொட்டு போதும், இனி சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம், இரும்புச்சத்தை மட்டும் தொடருங்கள் என்றார் டாக்டர். குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மீதி இருந்தது, கொட்டிவிட்டேன். மறுநாள் காலையில் அத்தை காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, "இப்ப இதைக் கிழிக்கலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.